கொதிகலன் சட்டத்தில் இன்னும் கிலோ

1923ஆம் ஆண்டின் கொதிகலன் சட்டம் விடைபெற்று, 2025ஆம் ஆண்டின் சட்டம் அதே ஆண்டு மே 1 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஏழு குற்றங்களில் உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்து விளைவிக்கும் நான்குக்கு மட்டும் குற்றவியல் தண்டனையை வைத்துக்கொண்டு, மற்றவற்றை அபராதத்தோடு முடித்திருப்பது நல்ல மாற்றம். வழக்கொழிந்த பிரிவுகளைக் களைந்ததும் சரியே. இவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அழுத்தம் அளப்பதைத் தொழிலாகக் கொண்ட நாம் படிக்க வேண்டிய இடம் இரண்டாம் பிரிவு. அங்கேதான் எது கொதிகலன், எது நீராவிக் குழாய் என்ற வரையறை இருக்கிறது.

25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு இருந்தால் விலக்கு. தண்ணீர் 100 டிகிரிக்குக் கீழே சூடாக்கப்பட்டால் விலக்கு. வடிவமைப்பு கேஜ் அழுத்தமும் இயங்கு கேஜ் அழுத்தமும் சதுர செ.மீ.க்கு ஒரு கிலோகிராமுக்குக் குறைவாக இருந்தால் விலக்கு. நீராவிக் குழாய் என்றால், வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் சதுர செ.மீ.க்கு 3.5 கிலோகிராமைத் தாண்ட வேண்டும். அல்லது உள்விட்டம் 254 மில்லிமீட்டரைத் தாண்டி, அழுத்தம் ஒரு கிலோகிராமைத் தாண்ட வேண்டும்.

முதலில் பாராட்டிவிடுவோம். ஒரு வரையறையில் ‘கேஜ்’ என்றும், இன்னொன்றில் ‘வளிமண்டல அழுத்தத்துக்கு மேல்’ என்றும் சொல் வேறுபட்டாலும், எந்தப் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதை இரண்டு இடத்திலும் சட்டம் சொல்லிவிடுகிறது. நம் ஆலைகளில் தொங்கும் டயல்களில் பெரும்பாலானவை இதைச் சொல்வதில்லை. கீழ் எல்லையில் இது உயிர்நாடியான விஷயம். ஒரு கிலோ அப்சல்யூட் என்றால் நீராவி 99 டிகிரி. ஒரு கிலோ கேஜ் என்றால், கடல்மட்டத்தில், 120 டிகிரி. முந்தையதைக் கொதிக்கும் வெந்நீர் என்றே சொல்லிவிடலாம். பிந்தையதில் வால்வை அஜாக்கிரதையாகத் திறந்தால் கை வெந்துவிடும். பத்து கிலோவில் ஐந்து டிகிரிக்குள் அடங்கிவிடும் இந்த வித்தியாசம், ஒரு கிலோவில் இருபது டிகிரியைத் தாண்டுகிறது.

கேஜ் என்று எழுதியதாலேயே இந்த எல்லை ஊருக்கு ஊர் நகரும் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வளிமண்டலம் ஏறத்தாழ 77 கிலோபாஸ்கல்தான். அங்கே ஒரு கிலோ கேஜில் நீராவி 116 டிகிரி. தண்ணீரோ 93 டிகிரி வருவதற்குள் கொதித்துவிடும். ஆகவே 100 டிகிரிக்குக் கீழே என்ற விலக்கு, மலையில் கொஞ்சம் அழுத்தம் ஏறிய நீராவிக்கும் பொருந்திவிடுகிறது. 0.2 கிலோ அளவுதான்; ஆபத்து பெரிதல்ல. ஆனாலும் வரையறை எழுதும் மேசையில் ஒரு கருவிப் பொறியாளர் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்கும்.

இனி குறைக்கு வருவோம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் நான்காம் பிரிவு, இந்த நாட்டில் ஒவ்வோர் அலகும் பன்னாட்டு அலகு முறையை அடிப்படையாகக் கொண்ட மெட்ரிக் முறைப்படி இருக்க வேண்டும் என்கிறது. அந்த முறையில் கிலோகிராம் என்பது நிறை. அழுத்தத்தின் அலகு பாஸ்கல். 1971இல் எடை அளவுகளுக்கான பொது மாநாடு அந்தப் பெயரைத் தந்தது. எடையளவுச் சட்டத்துக்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து அதே நாடாளுமன்றம் இயற்றிய கொதிகலன் சட்டம், அழுத்தத்தைக் கிலோகிராமில் எழுதுகிறது. ‘விசை’ என்ற ஒட்டுச்சொல்கூட இல்லை. ஓர் அமைச்சகத்தின் சட்டத்தை இன்னோர் அமைச்சகம் படிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? இந்தக் கிலோ கணக்கை விடாப்பிடியாகப் புழங்கிய ஜெர்மனி, 1978இன் தொடக்கத்தோடு ‘தொழில்நுட்ப வளிமண்டலம்’ என்ற அந்த அலகைச் சட்டத்திலிருந்து அகற்றிவிட்டது. அதன் மிச்சம் நம் சர்க்கரை ஆலை டர்பைன்களின் பெயர்ப்பலகையில் ‘ஏ.டி.ஏ.’ என்று இன்னும் நிற்கிறது. அந்த மூன்றெழுத்துக்கு ஒரு பெருமையும் உண்டு: அப்சல்யூட் என்பதை அது அலகிலேயே சொல்லிவிடும்.

நம் எண்களைப் பாருங்கள். 3.5 கிலோ என்பது 50 பி.எஸ்.ஐ. 254 மில்லிமீட்டர் என்பது பத்து அங்குலம். நம் பேக்கேஜ் பாயிலர்கள் பலவற்றில் பொறித்திருக்கும் 10.54 என்ற வடிவமைப்பு அழுத்தம், 150 பி.எஸ்.ஐ. தவிர வேறில்லை. பவுண்டு அங்குலத்தில் பிறந்து, கிலோவில் பெயர்க்கப்பட்டு, இப்போது பாரில் அளவு காட்டும் இறக்குமதி டிரான்ஸ்மிட்டர்களின் முன்னே வந்து நிற்கிறது அந்த எண். பெயர்ப்பலகையில் 10.54 என்று பார்த்தவர், கையில் இருக்கும் பார் கேஜில் 10.54 வைத்து சேஃப்டி வால்வை செட் செய்தால், உண்மையில் அது 10.75 கிலோவில் திறக்கும். இரண்டு சதவீதம்தானே என்பார்கள். ஒன்றாம் வகுப்பு கேஜ் ஒன்றுக்கு முழு அளவில் ஒரு சதவீதம்தான் பிழை அனுமதி. அலகைத் தவறாகப் படித்ததால் மட்டும் வரும் பிழை, கருவிக்கு அனுமதித்த பிழை முழுவதையும் விழுங்கிவிடக்கூடியது. அந்தக் கருவிக்கு ஆண்டுதோறும் காசு கொடுத்து அளவுத்திருத்தம் செய்து என்ன பயன்?

இதைவிட ஆழமான ஒரு காரணமும் உண்டு. இந்த இதழின் பழைய வாசகர்களுக்கு இது தெரிந்த பல்லவி. புதிய சட்டம் அதைத் திரும்பப் பாட வைக்கிறது.

கிலோகிராமை விசையாக எழுதும்போது அதற்குள் ஈர்ப்பு முடுக்கம் ஒளிந்துகொள்கிறது. 1901இல் முடிவான 9.80665 மீ/வி² என்ற நியம மதிப்பு அது. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் ஏறத்தாழ 9.783. தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கும் டெல்லியில் ஏறத்தாழ 9.791. நியம ஈர்ப்புக்கு வெட்டிய எடைக்கற்களோடு ஒரு டெட் வெயிட் டெஸ்டரைச் சென்னையில் ஓட்டினால், பிஸ்டனுக்கடியில் உண்டாகும் அழுத்தம் கல்லில் பொறித்ததைவிட 0.24 சதவீதம் குறைவு. அந்தக் கல்லை நம்பி முள்ளைச் சரிசெய்த கேஜ், இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். 1.6 வகுப்பு கேஜில் இது தெரியாமல் போய்விடும். 0.25 வகுப்பு டெஸ்ட் கேஜில், முழு அளவில், அனுமதித்த பிழை முழுவதையும் ஏறக்குறைய இதுவே தின்றுவிடும். 0.1 வகுப்பில் அனுமதியைப் போல இரண்டு மடங்குக்கு மேல். ஆலைகளில் மற்ற கேஜ்களைச் சரிபார்க்க எடுத்துவரும் மாஸ்டர்கள் இந்த வகுப்புகளில்தான் இருக்கின்றன.

திருத்தம் கடினமே இல்லை, ஒரு பெருக்கல். செய்யும் ஆய்வகங்களும் இருக்கின்றன, நன்றாகவே செய்கின்றன. ஆனால் நம் மேசைக்கு வரும் அளவுத்திருத்தச் சான்றிதழ்களில் எத்தனையில் உள்ளூர் ஈர்ப்பு மதிப்பு எழுதப்பட்டிருக்கிறது? வெப்பநிலை இருக்கும், ஈரப்பதம் இருக்கும், கையொப்பம் இருக்கும், முத்திரை இருக்கும். டெட் வெயிட் டெஸ்டரால் செய்த சான்றிதழிலும் அந்த ஒரு வரியைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட்டால், “கிலோ என்றால் கிலோதானே சார்” என்று பதில் வருகிறது. இந்தப் பதிலைச் சொல்பவர்மேல் நமக்குக் கோபமில்லை. நாட்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் சட்டப்படி பேசுகிறார்.

பாரில் எழுதினாலும் எடைக்கல்லின் பிழை அப்படியேதான் இருக்கும் என்று வாசகர் சொல்லலாம். உண்மை. ஆனால் பாஸ்கலை அடைய வேண்டுமானால் நிறையை ஈர்ப்பால் பெருக்கியே தீர வேண்டும். எந்த ஈர்ப்பு என்ற கேள்வி வழியிலேயே குறுக்கிடும். கிலோவில் நின்றுவிட்டால் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை. கல்லில் ஐந்து, டயலில் ஐந்து, சான்றிதழில் ஐந்து. இப்படி ஒரு தலைமுறை டெக்னீஷியன்கள் ஈர்ப்பைக் கேட்காமலே ஓய்வுபெற்றுவிட்டார்கள்.

சட்டத்தையே புதிதாக எழுத நூற்றிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திறந்த கதவு இது. மசோதா 2024 ஆகஸ்டில் மாநிலங்களவைக்கு வந்தது. மக்களவையில் நிறைவேறியது 2025 மார்ச்சில். இடையில் ஏழு மாதங்கள். மூன்று எண்களை மாற்ற ஏழு நிமிடங்கள் போதும். சொற்களை நவீனப்படுத்தினோம் என்று பெருமைப்படும் சட்டம், எண்களைத் தொடவில்லை. எண்கள் யாருடைய பொறுப்பு என்று எவரும் கேட்கவில்லை போலும். தவறான கேஜால் விபத்து நடந்தால் மட்டும், ‘கருவி சரியாகப் பராமரிக்கப்படவில்லை’ என்று நம் பக்கம் விரல் நீளும். அந்தக் கேஜில் என்ன அலகு இருக்க வேண்டும், கேஜா அப்சல்யூட்டா என்று எழுத வேண்டுமா என்று தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியவர்களை யாரும் கேட்பதில்லை.

நாளைக்கே எல்லா டயலையும் கழற்றி எறியுங்கள் என்று இந்த இதழ் சொல்லவில்லை. பாயிலர் அட்டெண்டென்ட் இருபது ஆண்டாகச் சிவப்புக் கோட்டைக் கிலோவில் பார்த்துப் பழகியவர். இரவு ஷிஃப்டில் முள் எங்கே நிற்க வேண்டும் என்பது அவருக்கு எண்ணாகக்கூட இல்லை, கோணமாக இருக்கிறது. அதைத் திடீரென்று மாற்றுவது புதிய ஆபத்தை உண்டாக்கும். வெளிவட்டத்தில் பாரும் உள்வட்டத்தில் கிலோவும் இருக்கும் இரட்டை டயல், புதிய கொதிகலன்களுக்கு உடனேயும் பழையவற்றுக்கு கேஜ் மாற்றும்போதும் வரட்டும். திறனறித் தேர்வில் இரண்டும் கேட்கப்படட்டும். சில ஆண்டுகள் கழித்து உள்வட்டத்தை எடுத்துவிடலாம்.

சட்டம் மாறாவிட்டாலும் வழி இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குவிதிகள், புதியவை வரும்வரை தொடர்கின்றன. அவற்றைத் திருத்தி எழுதும் அதிகாரம் மத்தியக் கொதிகலன் வாரியத்திடம் இருக்கிறது. வரைவு வெளியாகும்போது ஆட்சேபணைக்குக் கிடைக்கும் காலம் குறைவாகவே இருக்கும். அதற்குள் கூடிப் பேசி எழுத முடியாது. ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறோம்: வடிவமைப்பு அழுத்தம், இயங்கு அழுத்தம், சோதனை அழுத்தம் ஆகியவை மெகாபாஸ்கலிலோ பாரிலோ எழுதப்பட வேண்டும். ஒவ்வோர் எண்ணின் அருகிலும் கேஜ் அல்லது அப்சல்யூட் என்ற குறி கட்டாயமாக வேண்டும். ஆய்வாளர் தன் கேஜைப் பொருத்திச் சரிபார்க்கும்போது, அந்தக் கேஜின் சான்றிதழில், டெட் வெயிட் டெஸ்டர் பயன்பட்டிருந்தால், உள்ளூர் ஈர்ப்பு மதிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அது சான்றிதழாகக் கருதப்படக் கூடாது.

கடைசியாகச் சொன்னதற்கு எந்த வாரியத்தின் அனுமதியும் நமக்குத் தேவையில்லை. அடுத்த முறை டெஸ்ட் கேஜை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பும்போது, பர்ச்சேஸ் ஆர்டரிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: பயன்படுத்திய உள்ளூர் ஈர்ப்பு மதிப்பும், அது எங்கிருந்து பெறப்பட்டது என்பதும் சான்றிதழில் குறிப்பிடப்பட வேண்டும். அந்த வரி இல்லாமல் வரும் சான்றிதழுக்குப் பில் பாஸ் செய்யாதீர்கள்.