சரக்கு மாறலாம், முகம் மாறலாமா?

இன்ஸ்டாகிராமில் டெரகோட்டா ஜிமிக்கி என்று தேடினால், வரிசையாகக் கடைகள் வந்து நிற்கும். மண் ஒன்றுதான், வடிவமும் ஏறக்குறைய ஒன்றுதான். போன நவராத்திரிக்கு வாங்கிய அதே கடையில் இந்த வருடமும் வாங்க நினைக்கும் வாடிக்கையாளர், இத்தனை கூட்டத்தில் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? பெயரை வைத்துத் தேடுவார். பெயர் மறந்திருந்தால், படங்களின் சாயலை வைத்துத் தேடுவார். இரண்டுமே மாறியிருந்தால், கடை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

வீட்டிலிருந்தே கைவினைப் பொருள் விற்கும் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். பொங்கலுக்கு ஒரு லோகோ, ஆடிக்கு ஒரு நிறம், புதிதாக ஆரி ப்ளவுஸ் சேர்த்ததும் ஒரு புதுப் பெயர். தினமும் பார்ப்பதால் கடைக்காரருக்குப் பழைய லோகோ சலித்துவிடுகிறது. ஆனால், நான்கு மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு அது அப்போதுதான் மனதில் பதியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அதை மாற்றுவது, வரும் வியாபாரத்தை வாசலிலேயே திருப்பி அனுப்புவதற்குச் சமம்.

பெயர்

பொருளின் பெயரையே கடைக்கு வைத்தால், நாளை துணிப்பை விற்கும்போது இடிக்கும். போனில் ஒருமுறை சொன்னதும், கேட்பவர் தவறில்லாமல் எழுதக்கூடிய பெயர் நல்லது. 'ழ' வரும் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள். எந்த எழுத்துகள் என்று முதல் நாளே முடிவுசெய்து, இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் பிசினஸ், பார்சல் லேபிள் எல்லாவற்றிலும் அதையே பயன்படுத்த வேண்டும். பணம் அனுப்பும்போது கணவர் பெயரோ மகன் பெயரோ திரையில் வந்தால், புது வாடிக்கையாளர் தயங்குவார். 'பணம் அனுப்பும்போது இந்தப் பெயர் வரும்' என்று முன்பே சொல்லிவிட்டால் சந்தேகம் வராது.

படம்

ஒரே ஜன்னல் வெளிச்சம், ஒரே பின்னணி. வெளிர்நிறக் காடாத்துணியோ, பழைய மரப்பலகையோ, எதுவானாலும் அதுவே தொடரட்டும். கம்மலின் அளவு தெரிய, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைக்கலாம். ஒரு வருடம் இப்படியே எடுத்தால், பெயரைப் படிக்கும் முன்பே இது யார் கடை என்று கண் சொல்லிவிடும். கடையின் நிறத்துக்கான ஆறு இலக்கக் குறியீட்டைக் குறித்துவைத்துக்கொண்டால், போஸ்டர் செய்யும்போது ஒவ்வொரு முறையும் வேறு பச்சை, வேறு சிவப்பு வராது.

பார்சல்

அச்சடித்த பெட்டிக்கு மொத்தமாக ஆர்டர் கொடுக்கத் தேவையில்லை. சாதாரண பழுப்புநிற அட்டைப்பெட்டி, கடைப் பெயரில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், எப்போதும் ஒரே நிற நூல். இது போதும். உள்ளே, 'மண் நகை, கீழே விழுந்தால் உடையும்' என்று ஒரு சிறு சீட்டு இருக்கட்டும். உடைந்து வந்தால் என்ன செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும். அம்மா பதில் சொன்னாலும் மகள் பதில் சொன்னாலும் அந்த விதி மாறக் கூடாது. ஒருவருக்குப் பணம் திரும்ப, இன்னொருவருக்கு 'அதெல்லாம் முடியாது' என்றால், லோகோ எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பாதுகாப்பு

பெயர் நாலு பேருக்குத் தெரிந்த பிறகு, அதே பெயரில் இன்னொருவர் கடை போட்டால்? தனிநபர் ஒருவர் ஆன்லைனில் டிரேட்மார்க் விண்ணப்பிக்க, ஒரு வகைப் பொருளுக்கு அரசுக் கட்டணம் 4,500 ரூபாய். நகை 14-ம் வகுப்பில் வரும். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் முன், அதே பெயர் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று அரசு இணையதளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட குறியைப் பதிவு கிடைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். அதற்கு முன் போடுவதைச் சட்டம் அனுமதிப்பதில்லை. படங்களை யாராவது திருடிப் போட்டால் புகார் செய்ய, போனில் எடுத்த ஒரிஜினல் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது உதவும்.

பெயரை மாற்றியே தீர வேண்டிய நிலை வந்தால், தீபாவளி, நவராத்திரி சீசனில் வேண்டாம். விற்பனை குறைவான மாதத்தில் மாற்றி, புதுப் பெயருக்குக் கீழே பழைய பெயரையும் ஒரு வருடமாவது எழுதிவைக்க வேண்டும். நிறத்தையும் படங்களின் பின்னணியையும் அப்போது தொடவே கூடாது. பெயரைத் தவறவிட்டவர்கள், அந்த நிறத்தைப் பார்த்தாவது கடைக்கு வந்து சேருவார்கள்.