பதிலுக்குக் கொஞ்சம் இடம்

பத்தாவது படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், என் கதை உங்களுக்குப் பாதி தெரிந்திருக்கும். "சாப்பிட்டியா?" "ம்." "பரீட்சை எப்படி எழுதினே?" "ம்." அத்தோடு அறைக் கதவு சாத்திக்கொள்ளும். நானும் விடமாட்டேன். கதவுக்கு வெளியே நின்று பத்துக் கேள்வி கேட்பேன். பத்துக்கும் சேர்த்து இன்னொரு "ம்" வரும்.

ஆசைப்பட்டுக் கேட்டானே என்று வாங்கிக் கொடுத்த எலெக்ட்ரிக் கிடார் மூன்றே மாதத்தில் பீரோ பக்கத்தில் தூசி படிந்து நின்றது. ஒரு நாள் துடைக்கப் போன நான் கம்பியை மீட்டிப் பார்த்தேன். சின்ன வயதில் நாலு வருஷம் வீணை கற்றுக்கொண்டவள். கல்யாணத்தோடு விட்டுப் போயிற்று. கை சும்மா இருக்குமா? அவன் புத்தகத்தைப் பார்த்து ஏதோ தடவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. "அம்மா, அது அப்படி இல்ல. குடு, காட்டறேன்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம் அது!

அவன் கற்றது 'ப்ளூஸ்' என்ற சங்கீதம். அமெரிக்காவின் தென் பகுதியில், பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களிடம் பிறந்தது. நம் ஊர் நடவுப் பாட்டில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அது மாதிரி வேலைப் பாட்டுகளிலிருந்து வளர்ந்தது. ஒரு சுற்றுக்கு 12 'பார்'. பாருக்கு நாலு எண்ணிக்கை. ஆக 48 எண்ணிக்கையில் ஒரு ஆவர்த்தனம் முடிந்து மறுபடி தொடங்கும். அந்தச் சுற்றின் மேல் வாசிக்கும் சின்னச் சின்னப் பிடிகளுக்கு 'லிக்' என்று பெயர்.

இதற்கு அடிப்படையாக அவன் காட்டிய ஐந்து ஸ்வரங்களைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ச, க, ம, ப, நி: நம்ம சுத்த தன்யாசியின் ஸ்வரங்களேதான்! பாவமும் போக்கும் வேறு. ஸ்வர ஸ்தானங்கள் ஒன்றே.

நான் கற்ற முதல் லிக்கைச் சொல்கிறேன். வீட்டில் கிடார் இருந்தால் முயன்று பாருங்கள். வீணையில் மெட்டு என்பதைக் கிடாரில் ஃப்ரெட் என்பார்கள். எல்லாவற்றிலும் மெலிசான கம்பிதான் முதல் கம்பி. மூன்றாவது கம்பியில் 7-வது ஃப்ரெட்டில் மோதிர விரலை வைத்து மீட்டி, கம்பியை மேல் பக்கமாகத் தள்ள வேண்டும். வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பது போலத்தான். இதை 'பெண்ட்' என்கிறார்கள். பிறகு இரண்டாவது கம்பியில் 5-வது ஃப்ரெட், முதல் கம்பியில் 5-வது ஃப்ரெட். அவ்வளவுதான், மூன்றே ஒலி. சரியாகத் தள்ளினோமா என்று எப்படித் தெரியும்? தள்ளிய ஒலியும் அடுத்து வரும் இரண்டாவது கம்பியின் ஒலியும் ஒன்றாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள்.

ஒற்றை விரலால் தள்ளினால் வலிதான் மிஞ்சும். மோதிர விரலுக்குப் பின்னால் நடு விரல், ஆள்காட்டி விரல் இரண்டையும் அதே கம்பியில் துணைக்கு வைத்து, பூட்டில் சாவி திருப்புவது போல மணிக்கட்டைத் திருப்ப வேண்டும்.

இன்னொன்று, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. பாத்திரம் தேய்த்த கையோடு கிடாரைத் தொடாதீர்கள். தண்ணீரில் ஊறிய விரல் நுனியில் கம்பி அறுப்பது போல இறங்கும். துடைத்து, நன்றாக உலர விட்டு எடுங்கள். தினம் கால் மணி நேரம் வாசித்தால் சில வாரங்களில் நுனித் தோல் கெட்டிப்பட்டுவிடும். நுனி வலி போகட்டும். மணிக்கட்டில் வலியோ, விரலில் மரமரப்போ வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தொடர்ந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒரு மாதத்தில் நாலு லிக் கைக்கு வந்துவிட்டது. எனக்கோ ஒரே பெருமை! அவன் தாளத்துக்குச் சுற்றை வாசிக்க, நான் நாலையும் மூச்சு விடாமல் மாற்றி மாற்றி வாசித்தேன். அவன் நிறுத்திவிட்டான். "அம்மா, நீ கிடார்லயும் இடமே விட மாட்டேங்கறே" என்றான். சுருக்கென்றது. பதில் பேச வரவில்லை.

பி. பி. கிங் என்ற மேதையின் இசைத்தட்டைப் போட்டுக் காட்டினான். 1925-ல் மிசிசிப்பியில் பிறந்தவர், 2015-ல் காலமானார். தன் கிடாருக்கு 'லூசில்' என்று பெண் பெயரே வைத்திருந்தார். அவர் ஒரு வரி பாடுவார். பாடும்போது கிடார் பேசாது. வரி முடிந்ததும் கிடார் பதில் சொல்லும். அப்போது அவர் பேசமாட்டார். பெரும்பாலும் பாட்டுக்கு இரண்டு பார், பதிலுக்கு இரண்டு பார். கொஞ்சமே வாசிக்கிறார். ஆனால் அந்த ஒன்றிரண்டு ஸ்வரம் நெஞ்சில் நிற்கிறது.

அதன் பிறகு நாங்களும் அப்படியே வாசித்துப் பழகினோம். நான் இரண்டு பார் வாசித்து நிறுத்துவேன். மனசுக்குள் எட்டு எண்ணுவேன். அந்த எட்டும் அவனுடையது. கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்வதுதான் பெரிய சாதகம்.

போன வாரம் வாசித்து முடித்து, கிடாரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "அம்மா, கணக்குல ஃபெயில் ஆயிட்டேன்" என்றான் மெதுவாக. ஏன், எப்படி, எவ்வளவு மார்க், அப்பாவிடம் என்ன சொல்வது என்று பத்துக் கேள்வியும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். எட்டு வருவதற்குள் அவனே பேசினான். ஜியோமெட்ரி புரியவில்லையாம். வகுப்பில் கேட்கக் கூச்சமாம். இரண்டு மாதமாக மனசில் வைத்துக்கொண்டு புழுங்கியிருக்கிறான். அத்தனை நாளும் நான் கதவுக்கு வெளியே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன்!

கணக்கு இன்னும் சரியாகவில்லை. டியூஷனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறோம். பெண்டும் எனக்கு இன்னும் முழுசாக ஏறவில்லை. சில நாள் பூனை கத்துவது போலத்தான் இருக்கிறது.

"இந்த வயசிலா?" என்று தயங்கும் சகோதரிகளுக்கு ஒரு சேதி. எலிசபெத் காட்டன் என்று ஒரு அமெரிக்கப் பெண்மணி. சிறு வயதில் கிடார் கற்று, பிறகு பல வருஷம் தொடாமலே இருந்தார். ஒரு வீட்டில் வேலைக்குப் போன இடத்தில்தான் மறுபடி கையில் எடுத்தார். அவருடைய முதல் இசைத்தட்டு 1958-ல் வெளிவந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1985-ல் கிராமி பரிசும் பெற்றார்!

நமக்குப் பரிசு வேண்டாம். தினம் கால் மணி நேரம் போதும். அடுப்பை அணைத்த பிறகு, கை உலர்ந்த பிறகு.