நாய் வாங்கும் முன் ஒரு வெப்பக் கணக்கு

வீட்டில் நாய் வளர்க்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன: என்ன இனம்? என்ன விலை? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதைக் கேட்பவர்கள் மிகச் சிலரே. அந்த நாய் தன் உடம்பில் உண்டாகும் வெப்பத்தை நம் வீட்டில் எப்படி வெளியேற்றும்? இதற்கு விடை தெரியாமல் நாய் வாங்கக் கூடாது என்பது என் கருத்து. சென்னையைப் போன்ற கடலோர ஊரிலும் சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட் முதலிய பனிநாட்டுச் சடை நாய்களைச் சங்கிலியில் பிடித்துச் செல்வதை இப்போது காண முடிகிறது. அவற்றைப் பார்த்து ஆசைப்படும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

உண்ட உணவு உடம்பில் மெல்ல எரிந்து வெப்பமாகிறது என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வாக இருக்கும் ஒரு பிராணி எவ்வளவு வெப்பத்தை உண்டாக்கும் என்பதற்கு மாக்ஸ் கிளைபர் என்னும் அறிஞர் 1932-இல் ஒரு விதியைக் கண்டார். அதன்படி 25 கிலோகிராம் எடையுள்ள நாய், சும்மா படுத்திருக்கும்போதே ஏறக்குறைய 40 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். பழைய 40 வாட் குண்டு பல்பு ஒன்று அதன் உடம்புக்குள் இரவும் பகலும் எரிந்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓடி விளையாடினால் இது பல மடங்காகும்.

நாயின் உடல் வெப்பநிலை சுமார் 38.5 டிகிரி செல்சியஸ். சுற்றியுள்ள காற்று 25 டிகிரியில் இருந்தால் கடத்தல், சலனம், கதிர்வீசல் ஆகிய மூன்று வழிகளிலும் வெப்பம் தானாகவே வெளியேறிவிடும். கத்திரி வெயிலில் காற்றும் 38 டிகிரியானால் என்ன ஆகும்? வெப்பநிலை வேறுபாடு ஏறக்குறைய இல்லாமற் போகிறது. மூன்று வழிகளும் அடைபடுகின்றன. எஞ்சியிருப்பது ஆவியாதல் ஒன்றே.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ பாதங்களின் அடியில் சிறிது வியர்க்கும், அவ்வளவுதான். ஆகவே அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. இந்த இரைப்பில் நம் இயற்பியல் பாடம் ஒன்று அடங்கியிருக்கிறது. நிமிடத்திற்கு 20, 30 முறை மூச்சு விட்டுக்கொண்டிருந்த நாய், வெயில் ஏறியதும் 300 முறைக்கு மேல் தாவிவிடுகிறது. ஏன் இவ்வளவு பெரிய தாவல்? யூஜீன் கிராஃபர்ட் என்பவர் இதை ஆராய்ந்து 1962-இல் முடிவுகளை வெளியிட்டார். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் சேர்ந்து ஒரு சுருள்வில்லைப் போல இயங்குகின்றன. அந்த அமைப்புக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 என்ற இயல்பு அதிர்வெண் உண்டு. நாய் இரைப்பதும் அதே அதிர்வெண்ணில்தான்! ஊஞ்சலை அதன் போக்கறிந்து தள்ளினால் ஒரு விரலே போதும் அல்லவா? அதே ஒத்ததிர்வுதான் இங்கும் வேலை செய்கிறது. வேறு வேகத்தில் இரைத்தால் தசைகள் கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பே புது வெப்பத்தை உண்டாக்கிவிடும்.

இரைக்கும்போது காற்று மூக்கு வழியாக உள்ளே சென்று பெரும்பாலும் வாய் வழியாக வெளியேறுகிறது என்பதை ஷ்மிட்-நீல்சனும் அவருடைய கூட்டாளிகளும் 1970-இல் காட்டினார்கள். மூக்கினுள் சுருண்டு கிடக்கும் ஈரச் சவ்வின்மேல் காற்று ஓட, நீர் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். 40 வாட் வெப்பத்தையும் இவ்வழியாகவே போக்க வேண்டுமானால் மணிக்கு 60 கிராம் நீர் செலவாகும். நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணம் ஏன் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்பது விளங்கும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம். அதில் நீர் எளிதில் ஆவியாவதில்லை. நாய் எவ்வளவு இரைத்தாலும் பயன் குறைவு. மூக்கே சப்பையாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 2003-இல் வந்த ஒரு கைபேசி விளம்பரத்தால் பக் என்னும் குட்டை நாய் நம் நாட்டில் புகழ் பெற்றது. மனிதர் தம் விருப்பத்திற்காக அதன் முகத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுருக்கிவிட்டார்கள். காற்று ஓடி நீர் ஆவியாகும் பாதையும் சுருங்கிப் போயிற்று. அது குறட்டை விடுவதைக் கேட்டுச் சிரிக்கிறோம். அது மூச்சுக்குத் திண்டாடும் ஓசை.

பெரிய நாய்க்கு வேறொரு தொல்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரட்டித்தால் எடை 8 மடங்காகிறது. கிளைபர் விதிப்படி வெப்பம் ஏறக்குறைய 4¾ மடங்காகிறது. தோலின் பரப்போ 4 மடங்குதான். அதன்மேல் இரட்டை அடுக்கு உரோமமும் போர்த்தியிருந்தால்? ஹஸ்கி, வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் வளர்த்த நாய். 1925-இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, இத்தகைய நாய்கள் முறைமாற்றி வண்டியிழுத்து 1000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பனிப்பாதையில் மருந்து கொண்டு சேர்த்தன. உறைபனியில் உயிரைக் காத்த அந்தப் போர்வை இங்கே உயிருக்கு உலை வைக்கிறது. உடல் வெப்பநிலை 41 டிகிரியைத் தாண்டினால் நாயின் உயிருக்கே ஆபத்து நேரலாம்.

“மயிரை மழித்துவிட்டால் போகிறது” என்பார்கள் சிலர். வெப்பம் கடத்தாப் பொருள் இரு திசைகளிலும் அப்படித்தான். உரோமம் வெயிலையும் தடுக்கிறது. முழுக்க மழித்தால் தோல் நேராக வெயிலில் வேகும். “ஏ.சி. போட்டுக்கொள்கிறோம்” என்பது வசதியுள்ளவர்களின் பதில். 40 வாட் வெளியேற்றும் ஒரு பிராணிக்காக ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வாட் இயந்திரத்தைப் பகலெல்லாம் ஓட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது? மேலும், நாளெல்லாம் வண்டியிழுக்கப் பிறந்த நாயை ஓர் அறைக்குள் பூட்டி வைப்பதை வளர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் நாய்களுக்கு மெலிந்த உடல், நீண்ட மூக்கு, குட்டை உரோமம். வெப்பக் கணக்கில் எல்லாமே சாதகம். (2005-இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலையே வெளியிட்டார்கள்.) ஆனால் இவை வேட்டை நாய்கள், ஓட இடம் வேண்டும். அடுக்குமாடிப் பால்கனியில் கட்டிப் போட்டால் அதுவும் கொடுமையே. இடம் குறைந்த வீட்டுக்கு நம் தெருவில் பிறந்த குட்டி ஒன்றே நல்ல தேர்வு என்பேன். எந்த நாயானாலும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைக் காலம் தவறாமல் போடுவதில் விலக்கே இல்லை.

நாய் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் அதற்குள் கல்லூரி முடித்து வேலைக்கும் போயிருப்பீர்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர் மாற்றுவதும், தரை சுடுகிறதா என்று பார்ப்பதும் பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழும். நாயை ஆசையாய் வாங்கிய வீட்டிலேயே அது ஒருநாள் தெருவில் விடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே அம்மாவை முதலில் கேளுங்கள்.

பிறகு ஒரு சோதனை செய்யலாம். சாதாரண ஆய்வக வெப்பமானிகள் இரண்டு வேண்டும். (காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி உதவாது.) ஒன்றன் குமிழில் ஈரத் துணியைச் சுற்றுங்கள். நாய் படுக்கப்போகும் இடத்தில், நிழலில், இரண்டையும் தொங்கவிட்டு, மே மாதத்தில் ஒரு வாரம் பிற்பகல் இரண்டு மணிக்கு அளவுகளைக் குறித்து வாருங்கள். உலர்ந்த வெப்பமானி 35-க்கு மேல் நின்று, இரண்டுக்கும் இடையே வேறுபாடு நான்கைந்து டிகிரிக்குள் இருந்தால், அங்கே இரைத்தும் பயனில்லை. அந்தக் குறிப்பேட்டை அப்பாவிடம் காட்டிவிட்டு, எந்த நாய் என்ற பேச்சைத் தொடங்குங்கள்.