பேசாத குழந்தைக்குப் புத்தியில்லை என்னும் பேதைமை

கை கால்கள் விறைத்து, கழுத்து நில்லாமல், வாயில் எச்சில் ஒழுக, பத்து வயதாகியும் தாயின் இடுப்பைவிட்டு இறங்காத ஒரு குழந்தையைக் கண்டால், படித்தவர் படியாதவர் என்ற பேதமின்றி நம்மில் பெரும்பாலோர் ஒரு கணங்கூட யோசியாமல் வழங்கிவிடும் தீர்ப்பு ஒன்று உண்டு: "பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது." இரக்கத்தின் வேஷம் பூண்டு வருவதனாலேயே இத்தீர்ப்பை யாரும் எதிர்த்து வழக்காடுவதில்லை. பூர்வ ஜன்மப் பாவம் என்றும், கர்ப்பிணி கிரகணம் பார்த்த தோஷம் என்றும் சொல்லுகிறவர்களோடு எனக்கு இங்கே பேச்சில்லை. அவர்களை மறுக்க வேறு பலர் இருக்கிறார்கள். விஞ்ஞானத்தின் சாயலோடு, சில வேளைகளில் வைத்தியர் வாயிலிருந்தே புறப்படுகிற இந்த அபிப்பிராயமே அதிக அபாயகரமானது.

அக்குழந்தையைப் பற்றியிருக்கும் மூளை முடக்குவாதம் என்பது, கருவிலோ, பிரசவ வேளையிலோ, சிசுப் பருவத்திலோ வளர்கின்ற மூளைக்கு நேர்ந்துவிட்ட சேதத்தினால் சரீரத்தின் அசைவும் இருப்பும் குலைவது. அது நான்கு அவயவங்களையும் ஒருங்கே பற்றும்போது, பேச்சும் பெரும்பாலும் அதனுடனே போய்விடுகிறது. ஏனெனில், நாவும் உதடும் தாடையும் தொண்டையும் மூச்சும் ஒரே கணத்தில் ஒன்றுக்கொன்று இசைந்து இயங்கினாலன்றி 'அம்மா' என்ற ஒரு சொல்கூடப் பிறவாது. ஆகவே பேச்சும் ஓர் அசைவே. கம்பி அறுந்துபோன தந்தி ஆபீசில் சேதியெழுதத் தெரிந்தவர் எவருமில்லை என்று முடிவு கட்டுவது எத்தகைய நியாயமோ, அத்தகைய நியாயந்தான் மௌனத்தைக் கண்டு மடமையை அனுமானிப்பதும்.

இவ்விஷயத்தில் மஞ்சள் காமாலை தரும் பாடம் மிகத் தெளிவானது. பிறந்த குழந்தையின் காமாலை அளவு மீறி, தக்க சமயத்தில் சிகிச்சை கிடையாமற்போனால், பிலிரூபின் என்னும் மஞ்சள் பொருள் மூளையின் ஆழத்தில் அசைவை ஆளும் பகுதிகளிலும், கேள்விப் புலனுக்குரிய வழிகளிலும் படிந்து அவற்றைக் கெடுத்துவிடுகிறது. சிந்தனைக்கு முக்கிய இடமான மேற்புறணியோ பெரும்பாலும் தப்பிவிடுகிறது. இக்குழந்தை எடுக்க நினைத்த பொருளை எட்டுமுன் அதன் கை வேறு திசையில் முறுக்கிக்கொள்ளும், முகம் கோணும், கூப்பிட்டால் செவியில் விழாது. செவிப் பரிசோதனை செய்து பார்க்க ஒருவருக்கும் தோன்றுவதில்லை. "கூப்பிட்டால்கூடத் திரும்பவில்லை, புத்தியில்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

புத்தியை அளக்கும் பரீட்சைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டைகளை அடுக்கச் சொல்வதும், படத்தை விரலால் தொடச் சொல்வதும், கேள்விக்கு வாயால் விடை சொல்லச் சொல்வதுமான சோதனையில் இக்குழந்தை தோற்றால், அங்கே அளக்கப்பட்டது அதன் கையும் நாவுமேயன்றி வேறென்ன? கனடாவில் 1997-ஆம் ஆண்டு வகுக்கப்பட்டு இன்று உலகெங்கும் வழங்கிவரும், அசைவுத் திறனை வகுக்கும் ஐந்து படிநிலை அளவுகோல்கூட, தலையை நிறுத்தவும் இயலாத குழந்தையை ஐந்தாம் படியில் வைக்கிறதே தவிர, அதன் அறிவைக் குறித்து ஓர் எழுத்தும் சொல்வதில்லை. இந்நோயை முதலில் விரிவாக விவரித்த லண்டன் வைத்தியர் வில்லியம் ஜான் லிட்டில், சிலரிடத்தில் புத்தி சிறிதும் பழுதுபடுவதில்லை என்று 1861-லேயே எழுதியிருக்கிறார். அதை அறிந்தும் மறக்க நமக்கு ஒன்றரை நூற்றாண்டு போதுமானதாயிருந்தது!

டப்ளின் நகரத்துக் கொத்தனார் ஒருவரின் மகனாக 1932-இல் பிறந்த கிறிஸ்டி பிரவுனை வைத்தியர்கள் புத்திக் குறைவுள்ளவன் என்று கைவிட்டார்கள், தாய் கைவிடவில்லை. ஐந்து வயதில் அவன் சகோதரியின் கையிலிருந்த சாக்குக்கட்டியை இடது காலால் பிடுங்கினான். அந்தக் காலாலேயே பின்னர் ஓவியனும் எழுத்தாளனும் ஆனான். நம் தேசத்தில், மகள் மாலினிக்காக மிது அலூர் 1972-இல் பம்பாயில் தொடங்கிய நிலையம் இத்தகைய குழந்தைகளின் கல்விக்கு வழி திறந்தது. சென்னையில் அதையொட்டி 1985-இல் ஒன்று தோன்றி, இன்று வித்யாசாகர் என்ற பெயரால் நடைபெறுகிறது. மாலினியோ, ஒரே விரலால் தட்டெழுதி, லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார்.

"இவர்கள் விதிவிலக்குகள், எல்லாக் குழந்தைகளும் பிரவுன் ஆகிவிடுமா?" என்று கேட்பார்கள். ஆகாதுதான். மூளை முடக்குவாதமுடையவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அறிவு வளர்ச்சியிலும் குறை உண்டு. நான்கு அவயவங்களும் விறைத்த வகையில் அது இன்னும் அதிகம். வலிப்பும், அதற்குரிய மருந்தின் மந்தமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். ஆனால் குறைந்த அறிவு என்பது இல்லாத அறிவாகாது. பள்ளிப் பாடம் ஏறாத குழந்தைக்கும் தாயின் குரல் தெரியும். அந்நியன் தூக்கினால் அச்சம் தெரியும். தன் எதிரிலேயே தன்னைச் சனியன் என்று பாட்டி சொல்வது தெரியும். மேதைகளுக்கு மட்டுமே மரியாதை என்றால், நம்மில் எத்தனை பேர் தேறுவோம் என்பது யோசிக்கத்தக்கது.

இத்தீர்ப்பு வெறும் அவமதிப்போடு நிற்பதில்லை. உயிருக்கே உலை வைக்கிறது. நடவாத குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவுவது சாதாரணம்; மலச்சிக்கலும், இரைப்பைப் புளிப்பு மேலேறி நெஞ்சை எரிப்பதும் அப்படியே. வேதனையால் இரவெல்லாம் அழுகிற குழந்தையை, ஒன்றும் தெரியாதது காரணமின்றி அழுகிறது என்று கொள்ளும் வீட்டில், மூட்டைப் படம் பிடித்துப் பார்க்க யார் முற்படுவார்கள்? மடியில் மல்லாத்திக் கஞ்சியை ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கிச் சுவாசப்பையைக் கெடுக்கும். நிமிர்த்தி உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கியபின் மறு வாய் கொடுத்தால் பெரிதும் காக்கலாம்.

கண்ணை மேலே உயர்த்தினால் 'ஆம்' என்று வீட்டார் ஏற்றுக்கொள்வதற்கும், படப் பலகையில் பார்வையால் தேர்ந்தெடுக்கவிடுவதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. ஊனமுற்றோர் உரிமைகள் பற்றிய 2016-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம், நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ள 6 முதல் 18 வயதுவரையிலான குழந்தைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையைக் கொடுத்திருக்கிறது, "இவனுக்கு எதற்குப் பள்ளி?" என்று வாசலில் நிறுத்துபவரிடம் பெற்றோர் இதைச் சொல்லத் தயங்கலாகாது. மற்றவர்களை நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த முறை அத்தகைய வீட்டுக்குப் போனால், "இவனுக்குப் புரியுமா?" என்று தாயிடம் கேளாதீர்கள், அவனிடமே, பெயர் சொல்லி அழைத்து, ஏதேனும் கேட்டுவிட்டு, விடை வருமளவும், ஒரு நிமிஷமானாலும், குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.