பூட்டுப் போட்டு விற்கிறார்கள், திறப்புக்கு வேறு காசு

எங்கட கொம்பியூட்டரின் மதர்போட் ஒரு நாள் இரவு ரென்டர் நடந்துகொண்டிருக்கும்போதே செத்துப்போனது. ஐந்து பேர் காசு போட்டு வாங்கிய மெஷின். உள்ளே இருப்பது ஐ5 6600கே, 2015இல் வந்த புரொசெசர். நாலு கோரும் வேலை செய்யும்போது 3.6 கிகாஹேர்ட்ஸில் ஓடும். அதை 4.5க்கு ஏற்றி வைத்துத்தான் குறும்படங்களை எடிட் பண்ணினோம். நாலு மணித்தியால ரென்டர் மூன்றேகால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது. புதுசு வாங்க வழியில்லாத எங்களுக்கு அந்த முக்கால் மணித்தியாலம் சும்மா கிடைத்தது.

மாற்றுப் போட் தேடிப் போனோம். கடைக்காரர் ஒரு இசட் 370 போட்டை எடுத்து வைத்தார். “தம்பிமார், 1151 எண்டா 1151தான். கொண்டுபோய்ப் போடுங்கோ.” போட்டோம். திரையில் ஒன்றும் வரவில்லை. திருப்பிக் கொண்டுபோனால், பெட்டி உடைத்தாயிற்றாம், எடுக்க மாட்டாராம்.

அவரோடு சண்டை பிடித்தது வேறு கதை. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. 2017 ஒக்டோபரில் இன்டெல் 8ஆம் தலைமுறையை இறக்கியபோது சொக்கெட்டின் பெயர் அதே 1151. பின்களின் எண்ணிக்கையும் அதே. ஆனால் பழைய புரொசெசர் புதுப் போட்டில் ஓடாது, புதுசு பழைய போட்டில் ஓடாது. மின் விநியோகத்துக்காகப் பின்களை மாற்றினோம் என்றார்கள். பிறகு ஆர்வக்காரப் பொடியள் சிலர் பயோஸை மாற்றி, சில பின்களை மறைத்து, பழைய இசட் 170 போட்டிலேயே அந்தப் புரொசெசர்களை ஓட்டிக் காட்டினார்கள். அப்போ முடியாமல் இல்லை, விட மனமில்லை.

“ஓவர்குளொக் எல்லாம் காசுக்காரப் பிள்ளையளின்ர விளையாட்டு, உங்களுக்கு ஏன்?” என்று எங்கட கூட்டத்திலேயே கேட்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. 1998இல் செலரோன் 300ஏ என்ற மலிவுப் புரொசெசர் வந்தது. போட்டின் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் 300 மெகாஹேர்ட்ஸ் 450 ஆகும். விலை கூடிய பென்டியத்தோடு போட்டி போடும். இல்லாதவன் கண்டுபிடித்த குறுக்கு வழி அது.

2011இல் அந்த வழியை அடைத்தார்கள். அதிலிருந்து வேகத்தை ஒழுங்காகக் கூட்ட இரண்டு சீட்டு வேணும்: பெயரின் கடைசியில் கே உள்ள புரொசெசர், அதோடு விலை கூடிய வகைச் சிப்செட் உள்ள போட். 2016இல் சில போட் கம்பனிகள் கே இல்லாத புரொசெசர்களையும் ஏற்ற விடும் பயோஸ் கொடுத்தன. கொஞ்ச நாளில் அதுவும் திருப்பி எடுக்கப்பட்டது. அதற்கு முன்னர், 2010இல், இன்டெல் 50 டொலர் அட்டை ஒன்று விற்றுப் பார்த்தது. அட்டையிலுள்ள இலக்கத்தை அடித்தால், நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய புரொசெசருக்குள் மூடி வைத்திருந்த பகுதி திறக்கும்!

பாதுகாப்புக்காகத்தான் பூட்டு என்பார்கள். ஓவர்குளொக் பண்ணி எரித்தால் வொரண்டி இல்லை என்று ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆபத்து முழுக்க எங்கட தலையில். பிறகு எதுக்குப் பூட்டு?

இன்னொரு கூத்து. 2023இல் சில போட்கள் கொடுத்த கூடுதல் வோல்டேஜால் ரைசன் 7000 புரொசெசர்கள் கருகின. ஏஎம்டி வந்து, ஒரு குறிப்பிட்ட வோல்டேஜை 1.3க்கு மேல் போக விடாமல் தடுத்தது. 2024இல் இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறைகள் நிலைகுலைந்தன. பல போட்கள் இன்டெலின் மின் வரம்புகளைத் தளர்த்திய செட்டிங்கோடுதான் பெட்டியிலிருந்து வந்தன. கடைசியில் இன்டெலின் மைக்ரோகோடே தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டது தெரியவந்து, வொரண்டியை இரண்டு வருடம் நீட்டினார்கள். நாங்கள் கேட்டால் பூட்டு, அவர்கள் செய்தால் டிஃபோல்ட்.

சரி, நம்பிக்கையான போட் எது? கடையில் காட்டுவது மின்னும் லைட்டும் “கேமிங்” என்ற எழுத்தும். பார்க்க வேண்டியது புரொசெசரைச் சுற்றியுள்ள விஆர்எம். 12 வோல்ட்டை 1.3 வோல்ட் அளவுக்கு இறக்கிக் கொடுப்பது அதுதான். புரொசெசர் 120 வாட்ஸ் இழுத்தால் 1.3 வோல்ட்டில் 92 அம்பியர் போக வேணும். எங்கட வீட்டுக்கு வரும் சாதாரண லைன் 30 அம்பியர். வேகத்தை 25 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் சூடு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. ஹீற்சிங்க் இல்லாத மலிவு விஆர்எம் இதைத் தாங்காது. பெட்டியில் போட்டிருக்கும் “ஃபேஸ்” எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே சிக்னலை இரண்டாகப் பிரித்துவிட்டு இரட்டிப்பாக எண்ணும் பழக்கம் இருக்கு. எந்த மொஸ்பெட் என்று கேளுங்கோ. பெட்டி சொல்லாது, விரிவான ரிவியூக்கள் சொல்லும்.

பழைய போட் வாங்குவதென்றால் சொக்கெட் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பாருங்கோ. ஒரு பின் வளைந்திருந்தாலும் வேண்டாம். கப்பாசிட்டர் வீங்கியிருக்கா, விஆர்எம் பக்கம் போட் பழுப்பு நிறமாகியிருக்கா என்று பாருங்கோ. உங்கட புரொசெசரைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே அரை மணித்தியாலம் முழு லோட்டில் ஓட்டச் சொல்லுங்கோ. மறுத்தால் அடுத்த கடை. மாற்றித் தருவேன் என்பதை பில்லில் எழுதி வாங்குங்கோ. வாய்ச்சொல்லின் விலையை நாங்கள் கொடுத்துவிட்டோம்.

புதுசாகத் தொடங்குபவர்கள் பழைய ஏஎம்4 பக்கம் பார்க்கலாம். அங்கே பி450, பி550 போன்ற நடுத்தரப் போட்களிலும் ஓவர்குளொக் திறந்தே இருக்கு. அதற்காக ஏஎம்டி நல்ல பிள்ளை இல்லை. ஏ320, ஏ520இல் அவர்களும் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். 2020இல் பி450க்குப் புதிய ரைசன்களை ஓட விடமாட்டோம் என்றார்கள். பாவனையாளர்கள் கத்தினார்கள். அதே மாதத்திலேயே முடிவு மாறியது.

எங்களுக்குக் கடைசியில் ஒரு பழைய இசட் 270 கிடைத்தது. இப்ப 4.4இல் ஓடுது, பேராசை இல்லை. வாங்கிய சாமானை முழுசாகப் பாவிக்கும் உரிமைக்கு இன்னொரு விலை இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும். அடுத்தமுறை கடையில் லைட்டைக் காட்டினால், ஹீற்சிங்கைக் காட்டச் சொல்லுங்கோ.