குழலில் பொறித்த எழுத்துகள்

பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பட்டறையிலிருந்து புதுப்பொலிவுடன் திரும்புகிறது. துருக்குழிகள் இல்லை, மேற்பட்டையில் தேய்ந்திருந்த லண்டன் கம்பெனியின் பெயர் கூர்மையாக மின்னுகிறது. உரிமையாளர் மகிழ்கிறார். அந்த மின்னலே ஐயத்துக்குரியது.

குழலின் எழுத்துகள் அலங்காரம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் குழல்களை மிகையான மருந்திட்டு வெடித்துப் பார்த்து முத்திரையிடும் சோதனைச்சாலை பர்மிங்காமில் 1813இல் ஏற்பட்டது; லண்டனில் அதற்கும் முன்பே இருந்தது. குழலின் அடிப்பகுதியில் உள்ள அம்முத்திரைகள், உள்விட்டம் எவ்வளவு, கரிமருந்துக்கு மட்டும் சோதிக்கப்பட்டதா, புகையில்லா மருந்துக்கும் உரியதா என்பனவற்றைச் சொல்கின்றன. வாய் குறுகிய குழல்களில் 1875 முதல் 'நாட் ஃபார் பால்' என்று பொறித்தனர். 1887இல் அவ்விடத்தைச் 'சோக்' என்ற சொல் பிடித்தது. ஆகவே அந்த மூன்று சொற்களே துப்பாக்கியின் வயதைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடக்கிவிடுகின்றன. உப்புத்தாள் அவற்றைச் சில நிமிடங்களில் தின்றுவிடும்.

அழிப்பதைத் தவறென ஒப்புபவர்களும், மங்கிய பெயரை மீண்டும் வெட்டுவதில் குற்றம் காண்பதில்லை. செய்தவர் பெயரைத்தானே செதுக்குகிறோம் என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் எழுத்து ஆழம் குன்றியிருப்பதும் ஒரு செய்தி: இத்தனை உலோகம் தேய்ந்துபோயிற்று, குழலின் சுவர் மெலிந்திருக்கலாம் என்பதே அது. எழுத்தை ஆழமாக்குபவர் அந்த எச்சரிக்கையை மறைக்கிறார். அடுத்து வாங்குபவர் தம் கன்னத்தருகே வைத்துச் சுடப்போவது அந்தக் குழலைத்தான். சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்பவர், விடுபட்ட சீரைத் தாமே கட்டி மூலத்தில் கலப்பதில்லை, புள்ளியிட்டு நிறுத்துகிறார்.

நேர்மையான மரபும் அத்தொழிலிலேயே உண்டு. பழுதான குழலை அடிப்பகுதியோடு வெட்டிப் புதுக்குழல் செருகினால், இங்கிலாந்தில் மறுபடியும் சோதித்து 'ஸ்லீவ்ட்' என்று முத்திரையிடுகிறார்கள். விலை குறையும். குறையட்டும்.

இந்தியாவில் பழைய சமஸ்தான மாளிகைகளிலிருந்தும் கல்கத்தாக் கடைகளிலிருந்தும் வந்த இத்தகைய துப்பாக்கிகள் இன்றும் பரம்பரைச் சொத்தாகக் கைமாறுகின்றன. இங்கே சிக்கல் இன்னும் கடுமை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 8ஆம் பிரிவில், துப்பாக்கியிலுள்ள பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் போலியாக்குவதையும் தடைசெய்கிறது. அழிந்த குறியுடைய துப்பாக்கியை வைத்திருப்பவரே அதை அழித்தார் என்று அச்சட்டம் அனுமானிக்கிறது. அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை அவருடையது. தாத்தாவின் துப்பாக்கியை மெருகேற்றக் கொடுத்த பேரன் இதை அறிந்திருப்பதில்லை. பட்டறைக்குக் கொடுக்குமுன் ஒவ்வொரு குறியையும் படமெடுத்து, எண்ணை உரிமத்தோடு ஒப்பிட்டு, குறிகள் உள்ள இடத்தில் அரம் படலாகாது என்று எழுத்தில் வாங்கிக்கொள்வதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.