மலைமேல் பெய்த மழை



2025 மே மாத இறுதியில் எங்கள் பங்கு மக்கள் முப்பது பேர், அரிசி மூட்டையும் அண்டாவும் ஏற்றிக்கொண்டு, இரண்டு வேன்களில் எட்டு நாள் பயணம் புறப்பட்டோம். வேளாங்கண்ணி, மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி எனச் சுற்றிவிட்டு, ஏழாம் நாள் இரவு ஆலங்குளத்தில் தங்கினோம். மறுநாள் குற்றாலம்; அதன்பின் வீடு. திருத்தலங்களில் பக்தியோடு நின்ற சிறுவர்கள் உள்ளூரக் காத்திருந்தது அந்த அருவிக்காகத்தான். உண்மையைச் சொன்னால், நானும் அப்படியே!

அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு அத்துணை முன்னதாக அது வந்ததில்லை. ஆனால் விடிந்தபோது ஆலங்குளத்தில் காற்று மட்டுமே வீசியது; ஒரு துளி மழை இல்லை. மேற்கே மலை மாத்திரம் மேகத்துக்குள் மறைந்து கிடந்தது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று குற்றாலத்தைச் சாரலால் நனைத்துவிட்டு, சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே வருமுன் தன் ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. தென்காசியைத் தாண்டியதும் மழை எங்களைப் பிடித்துக்கொண்டது.

பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவையும் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை. ஐந்தருவிக்குச் சென்றோம், அங்கும் தடை. குடை பிடித்துக் கடைவீதியைச் சுற்றினோம். பிற்பகலில் பழைய குற்றாலத்தை அடைந்தபோது மழை நின்று இளவெயில் அடித்தது. அருவியும் சாதுவாகவே தோன்றியது. ஆயினும் அங்கும் கயிறு கட்டி வழியை மறித்திருந்தார்கள்.

எங்களோடு வந்த இளந்தந்தை ஒருவர் என்னிடம் விரைந்து வந்தார். அவருடைய எட்டு வயது மகள் அழுதுகொண்டிருந்தாள். "சாமி, நீங்க அங்கியோட போய் ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க. பத்து நிமிஷம் போதும்" என்றார். "வேண்டாங்க, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்" என்று மனைவி தடுத்தார். அவ்வளவுதான்! அத்தனை பேர் முன்னிலையில் அவர் மனைவியைக் கத்தித் தீர்த்துவிட்டார். பயணம் முழுவதும் வாய் திறவாத மனிதர் அவர். 'இப்படியும் ஒரு பிடிவாதமா?' என்று மனத்துக்குள் அவரைக் கடிந்துகொண்டேன். ஆனாலும் சிறுமியின் கண்ணீரைப் பார்த்து, காவலரிடம் சென்று கேட்டேன். அங்கிக்காகச் சலுகை கேட்டது என் பிழைதான்.

காவலர் கைகூப்பிச் சொன்னார்: "சாமி, இங்க வெயில் அடிக்குது. மேல மலையில மழை பெய்யுதா இல்லையான்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

நான் வாயடைத்து நின்றேன். 2024 மே 17 அன்று, இதே பழைய குற்றாலத்தில், மலைமேல் பெய்த மழையால் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றதே! அவன் உயிரோடு திரும்பவில்லை.

மாலையில் பாத்திரங்களை ஏற்றுவதற்காக ஆலங்குளத்தில் நின்றோம். அந்தத் தந்தை தனியே வந்து தலைகுனிந்து நின்றார். "சாமி, நேத்து ராத்திரி போன் வந்துச்சு. அடுத்த வாரம் துபாய்க்குப் போகணும். திரும்பி வர ரெண்டு வருஷம் ஆகும். பிள்ளையை அருவியில தோள்மேல தூக்கிவச்சுக் குளிப்பாட்டுறேன்னு சொல்லியிருந்தேன். அவகிட்ட இன்னும் எதையும் சொல்லலை."

காலை முதல் அவர் நெஞ்சில் பெய்துகொண்டிருந்த மழையை நாங்கள் யாருமே அறியவில்லை. அவருடைய கோபத்தை மட்டுமே கண்டோம். நானோ அதற்குப் பிடிவாதம் என்று பெயரும் சூட்டிவிட்டேன். "முதலில் போய் அம்மாவிடம் சொல்லுங்கள்" என்றேன். இரவில் வேனுக்குள் திரும்பிப் பார்த்தபோது, சிறுமி அவர் தோளில் உறங்கிக்கொண்டிருந்தாள். மனைவியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனால் கணவரின் கையை அவர் இறுகப் பற்றியிருந்தார்.

அன்பர்களே, வெயில் அடிக்கும் வேளையிலும் வீட்டுக்குள் வெள்ளம் வருவதுண்டு. அப்போது பதிலுக்குக் கத்துமுன், மலைமேல் எங்கோ மழை பெய்கிறதோ என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உங்கள் மலையிலேயே மழை பெய்கிறதா? கீழே நிற்கும் உங்கள் அன்புக்குரியவர்களுக்கு முன்னதாகவே சொல்லிவிடுங்கள். அவர்கள் அஞ்சி ஓடிவிடமாட்டார்கள். உங்களோடு சேர்ந்து நனைவார்கள்.